அம்மா உண்டு, அப்பா உண்டு, குடியுரிமை இல்லை

கிள்ளான், செந்தூல், பந்திங் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் அறுபதைத் தாண்டிய சில பாட்டிமார்களை இன்றும் பார்க்கலாம். முகம் சீன முகம். உடுத்தியிருப்பது புடவை, நெற்றியில் திருநீறு, பேச்சு அசல் தோட்டத்துத் தமிழ். வறுமை தாளாமல் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகள் இவர்கள். புலி ஆண்டில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்ற பயத்தில் கொடுத்தவர்களும் உண்டு. லயத்து வீட்டுத் தமிழர்கள் அந்தப் பிள்ளைகளை வாங்கிப் பெயர் வைத்தார்கள், காது குத்தினார்கள், தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள், சீர் செய்து கட்டிக்கொடுத்தார்கள். இந்த மலேசிய மண்ணில் நம்மவர்கள் செய்த நல்ல காரியங்களைக் கணக்கெடுத்தால் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

அன்று பலர் கையில் தத்துப் பத்திரம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் சுதந்திரத்தை ஒட்டிப் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைச் சிக்கல் வரவில்லை. சட்டம் அப்படி இருந்தது. 1957 மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிய இங்கே பிறந்த குழந்தை, தூதரகக் குடும்பங்கள் போன்ற சில விலக்குகள் போக, பெற்றவர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன். 1962 அக்டோபரில் அது மாறியது. அதன் பிறகு பிறந்த குழந்தைக்கு, பிறந்த வேளையில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். பெற்றோர் என்றால் பெற்றவர். வளர்த்தவர் அல்ல என்றுதான் அரசாங்கம் பொருள் கொள்கிறது. இன்று தத்தெடுக்கும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் தத்துக்கு வரும் குழந்தைகளில் ஒரு பகுதியின் தாய்மார்கள் இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார், வியட்நாம் என்று வெளியிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள். வேலை பெர்மிட்டில் இருக்கும் பெண் கர்ப்பமானால் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பிரசவமே மறைவில் நடக்கிறது. குழந்தையை யாராவது நல்லவர்களிடம் கொடுத்துவிட்டு அந்தப் பெண் போய்விடுகிறாள். பிள்ளை பிறந்தது கிள்ளானில், வளர்வது கிள்ளானில். ஒரு நாளும் விமானம் ஏறாத அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுப் பிள்ளை.

இந்தக் குடும்பங்களின் கையில் இருக்கும் பிறப்புப் பத்திரத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். நீதிமன்றத் தத்து உத்தரவுக்குப் பிறகு பதிவிலாகா தரும் புதிய பத்திரம் அது. தந்தை, தாய் என்ற இடங்களில் வளர்த்தவர்களின் பெயரே இருக்கும், பக்கத்தில் அவர்களின் அடையாளக் கார்டு எண் இருக்கும். தத்து என்ற வார்த்தையே எங்கும் வராது. குழந்தையின் மனம் நோகக்கூடாது என்று சட்டம் செய்திருக்கும் நல்ல ஏற்பாடு அது. அதே தாளில் குடியுரிமைத் தகுதி என்ற வரிக்கு எதிரே ‘புக்கான் வார்காநெகாரா’ என்று அச்சாகியிருக்கும். குடிமகன் அல்ல. சில பத்திரங்களில் ‘பெலும் டிதெந்துக்கான்’ என்று இருக்கும். இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. அப்பா மலேசியர், அம்மா மலேசியர், பிறந்த இடம் சிலாங்கூர், பிள்ளை மட்டும் மலேசியர் இல்லை. நான்கும் ஒரே தாளில்.

பல பெற்றோர் அந்த வரியை உணர்ந்து படிப்பது பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதுதான். அதுதான் மைகார்டு என்ற அடையாளக் கார்டு எடுக்கும் வயது. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் படம் பிடித்து, கைரேகை வைத்து, கார்டோடு வருகிறார்கள். இந்தப் பிள்ளையையும் அம்மா கூட்டிக்கொண்டு போகிறார். எண் எடுத்துக் காத்திருந்து முகப்புக்குப் போனால், அதிகாரி பத்திரத்தைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், “தாக் போலே புவான்” என்கிறார். முடியாது அம்மா. தான் தத்துப் பிள்ளை என்பதே தெரியாமல் வளர்ந்த பிள்ளை அந்த முகப்பில் நின்றுதான் அதைத் தெரிந்துகொள்கிறது. இப்படி ஒரு செய்தியை ஒரு பிள்ளை கேட்க வேண்டிய இடமா அது?

அதன்பின் வரிசையாகக் கதவுகள் அடைபடும். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். மற்றவர்களுக்குப் பல மடங்கு. பள்ளியைப் பொறுத்தவரை, குடிமக்கள் வளர்க்கும் ஆவணமில்லாப் பிள்ளைகளைச் சேர்க்கும் நடைமுறையைக் கல்வி அமைச்சு 2019இல் எளிதாக்கியது. ஆவணத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது பெரிய ஆறுதல். ஆனால் பள்ளி முடிந்ததும் பிடிபிடிஎன் கல்விக் கடன் குடிமக்களுக்கு மட்டும். கடப்பிதழ் கிடையாது, ஆகவே ஜொகூர் பாலத்தைத் தாண்ட முடியாது. வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், முறையான வேலை, திருமணப் பதிவு, எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது ஐசி எண். இத்தனைக்கும் வருமான வரி வாரியத்தின் கணக்கில் அதே பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளைதான். சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்கும் ஒரே 2,000 ரிங்கிட் வரிக் கழிவு உண்டு. ஒரு துறை ஏற்றுக்கொண்ட உறவை இன்னொரு துறை ஏற்க மறுப்பதை ஒரு தாயிடம் எப்படி விளக்குவது?

தத்தெடுக்க இரண்டு வழி

தீபகற்ப மலேசியாவில் தத்தெடுக்க இரண்டு சட்டங்கள் உண்டு. இரண்டும் 1952இல் வந்தவை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் வேதனை கொஞ்சமல்ல.

முதலாவது தத்தெடுப்புச் சட்டம், 257ஆம் சட்டம். இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும். செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போட வேண்டும். உத்தரவுக்கு முன் குழந்தை தொடர்ந்து மூன்று மாதமாவது உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். சமூக நல இலாகா வீட்டை வந்து பார்த்து அறிக்கை கொடுக்கும். நீதிபதி உத்தரவு போட்டபின் பெற்றவர்களின் உரிமையும் கடமையும் முழுதாக உங்களுக்கு மாறும், புதிய பிறப்புப் பத்திரம் கிடைக்கும்.

இரண்டாவது தத்துப் பதிவுச் சட்டம், 253ஆம் சட்டம். இது எல்லா மதத்தாருக்கும் பொது. இரண்டு வருடம் வளர்த்திருந்தால் பதிவிலாகாவிலேயே பதிந்துகொள்ளலாம். வழக்கறிஞர் செலவு இல்லை என்பதால் நம்மவர்கள் பலர் இதைத்தான் நாடுகிறார்கள். ஆனால் இதில் கிடைப்பது தத்துச் சான்றிதழ் மட்டும். பிறப்புப் பத்திரம் பழையபடியே இருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயில் எழுதாமல் வளர்த்தவர் இறந்துவிட்டால், 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டம் பிள்ளை என்று ஏற்பது நீதிமன்ற வழியில் தத்தெடுத்த பிள்ளையை மட்டுமே. பதிவிலாகா வழியில் வந்த பிள்ளைக்கு உயில் இல்லாமல் பங்கு இல்லை. முப்பது வருடம் மகனாக இருந்தவனைச் சொத்து என்று வந்ததும் “நீ யார்?” என்று கேட்க நம் குடும்பங்களில் ஆள் இல்லாமலா போகும்?

இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றுதான் மிக ஆபத்தானது. பெற்ற தாய் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறாள், பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கமோ ஒரு சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்குகிறார்கள், தத்து முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் கடிதம் தாயின் சம்மதத்துக்குச் சாட்சி. அவ்வளவுதான். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி, பிறர் குழந்தையைப் பராமரிப்புக்கு எடுத்தால் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாவலருக்குத் தெரிவித்தாக வேண்டும். பணம் கைமாறினால் அது குற்றம். இந்த நாட்டில் குழந்தை வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை 2016இல் அல்ஜசீரா தொலைக்காட்சி ஆவணப்படமாகவே எடுத்துக் காட்டியது. நல்ல மனதோடு போகும் தம்பதியும் அந்தத் தரகர் கையில் சிக்கினால் பிள்ளையின் பூர்வீகமே பொய்யாகிவிடும். குழந்தை வேண்டுவோர் சமூக நல இலாகாவில் பெயர் பதியலாம். 2010 முதல் பெட்டாலிங் ஜெயாவில் குழந்தை காப்புப் பெட்டகம் வைத்து நடத்தும் ஆர்ஃபன்கேர் அறநிறுவனத்தையும் அணுகலாம். அங்கெல்லாம் காத்திருக்க வேண்டிவரும். காத்திருங்கள்.

உண்மை சொன்னவருக்குத் தண்டனை

நீதிமன்றத் தத்து உத்தரவு கையில் இருந்தால் குடியுரிமை தானாக வருமா? வராது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசியலமைப்பு பெற்றோர் என்று சொல்வது ரத்த வழிப் பெற்றோரை என்பது அந்தத் தீர்ப்பு. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வேறு ஒரு வழக்கு வந்தது. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும், அவர்கள் திருமணத்துக்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை. நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தப் பிள்ளை தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் மனம் குளிர ஒரு தீர்ப்பைச் சொன்னது. பிறந்தவுடன் கைவிடப்பட்டு, பெற்றவர் யாரென்றே தெரியாமல் ஒரு மலேசியத் தம்பதியால் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை சட்டத்தின் இயக்கத்தாலேயே குடிமகன். கைவிடப்பட்டுக் கிடைத்த குழந்தையை இங்கே நிரந்தரமாக வாழும் தாய்க்குப் பிறந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்றால் அரசாங்கம்தான் நிரூபிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை 19பி பிரிவு சொல்கிறது. அதைத்தான் நீதிபதிகள் உயிர்ப்பித்தார்கள்.

இந்தத் தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. தாய் யாரென்று தெரியாத பிள்ளைக்கு வழி இருக்கிறது. தாய் யாரென்று தெரிந்து, அவள் வெளிநாட்டவள் என்று தெரிந்து, பெயரையும் கடப்பிதழ் எண்ணையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்த குடும்பத்தின் பிள்ளைக்கு வழி இல்லை. இங்கே பிறந்து வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத குழந்தை மலேசியர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதுவும் இவர்களுக்குக் கைகொடுப்பது அரிது. 2006ஆம் ஆண்டு இந்தோனேசியக் குடியுரிமைச் சட்டப்படி, திருமணமாகாத இந்தோனேசியத் தாய்க்குப் பிறந்த குழந்தை இந்தோனேசியர். அந்த நாட்டில் அப்படி ஒரு பிள்ளை இருப்பதே யாருக்கும் தெரியாது. இருந்தும், ஏட்டில் வேறொரு நாட்டின் பிள்ளை என்று வாதாடிவிடலாம். உண்மை சொன்ன வீட்டுக்குத் தண்டனையும் மறைத்த வீட்டுக்குச் சலுகையும் கிடைக்கும்படி ஒரு விதி அமைந்தால், அடுத்து வருகிறவர் எதைச் செய்வார்? தாயின் பெயர் அழிக்கப்பட்டால், பின்னாளில் தன்னைப் பெற்றவளைத் தேடும் உரிமையும் அந்தப் பிள்ளைக்குப் போய்விடும்.

மிஞ்சுவது அரசியலமைப்பின் 15ஏ. ‘சிறப்புச் சூழ்நிலை’ என்று கருதினால் பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அது அதிகாரம் தருகிறது. பதிவிலாகாவில் விண்ணப்பம் கொடுத்தால் முடிவு புத்ராஜெயாவில் உள்துறை அமைச்சில் எடுக்கப்படும். வருடக்கணக்கில் காத்திருந்து, ஒரு நாள் காரணம் எதுவும் சொல்லாத ஒற்றை வரி மறுப்புக் கடிதம் கையில் வாங்கி, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்கும் குடும்பங்கள் உண்டு. இதற்கு அடுத்த படி வழக்குத்தான். ஒரு லோரி ஓட்டுநருக்கோ தாதியருக்கோ புத்ராஜெயா நீதிமன்றப் படி ஏறுவது எளிதா?

இந்தப் பட்டியலில் பெற்ற தகப்பன்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம்மவர் ஒருவர் வெளிநாட்டுப் பெண்ணோடு கோயிலில் தாலி கட்டி வாழ்கிறார். பதிவுத் திருமணம் செய்யவில்லை. 1982 மார்ச் முதல் பதிவில்லாத திருமணம் சட்டத்தில் திருமணமே அல்ல. பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான். கடைசியில் தன் ரத்தத்தையே அவர் தத்தெடுக்க வேண்டிவருகிறது, எடுத்தபின்னும் குடியுரிமை வருவதில்லை. கோயிலில் கட்டிய அன்றே பதிவிலாகாவிலும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதி வந்திராது.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு பிள்ளை

“ஊரில் தங்கச்சிக்கு மூன்றாவதும் பெண், எங்களுக்குப் பிள்ளை இல்லை, கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா அண்ணே?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூட்டி வரலாம், ஆனால் இந்தியச் சட்டம் முன்னைப்போல் இல்லை. அது கடுமையானதற்குக் காரணமும் இருக்கிறது. ஏழை வீட்டுக் குழந்தைகள் வெளிநாட்டுக்கு விற்கப்பட்டதைக் கண்டு, 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகளை வகுத்தது. மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காரா பின்னர் வந்தது. 2003இல் இந்தியா நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பிள்ளையை எடுக்க மாவட்ட ஆட்சியரின் தத்து உத்தரவும் காராவின் ஆட்சேபணையின்மைச் சான்றிதழும் வேண்டும். கோயிலில் வைத்துக் கொடுத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதினால் போதும் என்பது பழைய கதை. முறை தவறினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அந்தச் சட்டம் உறவினர் என்று யாரைச் சொல்கிறது என்பதையும் பாருங்கள். அத்தை, மாமா, சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி. அதோடு சரி. ஒன்றுவிட்ட அண்ணன் பிள்ளை நமக்கு மகன்தான். அந்தச் சட்டத்துக்கு உறவில்லை.

இந்தியப் பக்கம் எல்லாம் முடிந்தாலும் மலேசியப் பக்கம் ஒரு பெரிய ஓட்டை. ஹேக் உடன்படிக்கையின் 5ஆம் விதி, பிள்ளையை ஏற்கும் நாடு அந்தப் பிள்ளை உள்ளே வரவும் நிரந்தரமாக வாழவும் அனுமதி உண்டு என்பதை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும் என்கிறது. பிலிப்பீன்ஸ், தாய்லாந்து, வியட்நாம், இலங்கை எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன. மலேசியா இன்னும் சேரவில்லை. அதனால் இங்கே குடிநுழைவுக் கேள்வி கடைசியில் வருகிறது. பிள்ளை வருகையாளர் பாஸில் வந்து இறங்குகிறது, பாஸைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. இங்கே தத்தெடுப்புச் சட்டமோ பிள்ளை தீபகற்பத்தில் வழக்கமாக வசிக்க வேண்டும் என்று கேட்கிறது. குடிநுழைவுத் துறையிடம் எழுத்தில் பதில் வாங்காமல் விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.

தத்தை ஏற்றுக் குடியுரிமையைத் தராமல் விடும் தவற்றை அமெரிக்காவும் ஒரு காலத்தில் செய்தது. கொரியாவிலிருந்து தத்துப் போன பிள்ளைகளுக்கு வளர்த்தவர்கள் தனியாகக் குடியுரிமை வாங்கத் தவறியதால், நடுத்தர வயதில், ஒரு வார்த்தை கொரிய மொழி தெரியாமல் நாடு கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2001 பிப்ரவரி 27 முதல் அமெரிக்கர் தத்தெடுத்து நிரந்தரவாசியாகக் கூட்டிவரும் பிள்ளைக்குப் பதினெட்டு வயதுக்குள் குடியுரிமை தானாக வந்துவிடுகிறது. தத்தை ஏற்றால் குடியுரிமையையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நான் இங்கே கேட்பதும் அதே.

திறந்த கதவும் சுருங்கிய காலமும்

2024 அக்டோபர் 17இல் மக்களவை குடியுரிமைத் திருத்தத்தை 206 வாக்குகளோடு நிறைவேற்றியது. மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையும் குடிமகன் என்றாகிறது. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது, வரவேற்போம். கைவிடப்பட்ட குழந்தைகளின் தானான உரிமையைப் பறிக்க இருந்த பகுதியை, பொது அமைப்புகள் போராடியதால், உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோன் இஸ்மாயில் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கைவிட்டார். ஆனால் அதே திருத்தத்தில் இரண்டு அடிகள் இருக்கின்றன. நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்கு இனித் தானாகக் குடியுரிமை இல்லை. சிவப்பு ஐசியோடு தலைமுறைகளைக் கழித்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதன் வலி தெரியும். இரண்டாவது, 15ஏ விண்ணப்பத்துக்கான வயது 21இலிருந்து 18ஆக இறங்குகிறது. ஒரு விண்ணப்பமே பல வருடம் கிடக்கும் நாட்டில் மூன்று வருடத்தைக் குறைப்பது, பிள்ளைகளின் கடைசி வாய்ப்பைக் குறைப்பது.

தத்து உத்தரவைக் காட்டிக் குடியுரிமையை வியாபாரமாக்கிவிடுவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. அதைத் தடுக்கத்தான் சமூக நல இலாகாவின் அறிக்கையும் நீதிபதியின் விசாரணையும் இருக்கின்றன. அவற்றைக் கடந்து வந்த பிள்ளையை மறுபடி சந்தேகிப்பது அந்த நீதிமன்றத்தையே சந்தேகிப்பதாகும். 257ஆம் சட்டத்தின் கீழ் மலேசியர் தத்தெடுத்த பிள்ளை, உத்தரவு தேதியிலிருந்து குடிமகன் என்று அரசியலமைப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதுவரை 15ஏ விண்ணப்பத்துக்குக் காலவரம்பும், மறுப்புக்கு எழுத்தில் காரணமும் வேண்டும். நம் சமுதாயத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைத் தீபாவளி அன்பளிப்புப் பொட்டலங்களுக்கு முன் வைக்கட்டும்.

வளர்ப்புப் பிள்ளை இருக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் குடியுரிமை வரியைப் படியுங்கள். தத்து பதிவிலாகா வழியில் மட்டும் நடந்திருந்தால் உயில் எழுதிவிடுங்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் நீதிமன்ற வழி பற்றியும் விசாரியுங்கள். பெற்ற தாயின் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிக் கடிதம், பழைய புகைப்படம் எதையும் எறியாதீர்கள். கட்டணம் கட்ட வழியில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் இருக்கின்றன. நாடற்றவர் விண்ணப்பங்களில் நீண்ட காலமாக உதவிவரும் டிஹெச்ஆர்ஆர்ஏ மலேசியா அமைப்பும் இருக்கிறது. தத்து விஷயத்தைப் பிள்ளையிடம் நீங்களே, வீட்டிலேயே, பன்னிரண்டு வயதுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். 15ஏ விண்ணப்பத்தைப் பிள்ளை வளரட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே கொடுங்கள்.